போன வழியில் திரும்பாமல் ஒரு மலை நடை: குரங்கணிப் பாதையின் கதை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றியபோது சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

அம்பத்தூர்ல இருந்து பேசறேன். வெளியில நல்ல வெயில். ஃபேன் சத்தம் பதிவுல கேட்டா மன்னிச்சுக்கோங்க, அதை நிறுத்திட்டு என்னால பேச முடியாது.

போன எபிசோடுக்கு அப்புறம் ஆவடியிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கூட வேலை பார்க்கிற பத்துப் பேர் சேர்ந்து கோடையில் ஒரு மலைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி பஸ்ஸில் ஏறி இறங்கும் பயணம் வேண்டாம், நடக்கணும். ரொம்பக் கஷ்டமாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப லேசாகவும் இருக்கக் கூடாது. கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தார்: "போன வழியிலேயே திரும்பி வரக் கூடாது சார், ஒரு ரவுண்டா இருக்கணும். குரங்கணி பக்கம் பார்க்கிறோம். இதோட வரலாறு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

அவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கடிதத்தில் மூன்று சொற்கள் இருக்கு. கோடை, மிதமான, ரவுண்டு. இந்த மூன்றுக்கும் வரலாறு இருக்கு. அந்த வரலாறு தெரியாமல் குரங்கணிக்குத் திட்டம் போடக் கூடாது என்பது என் கருத்து. இன்றைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

கோடைக்கு மலை ஏறும் பழக்கம்

முதலில் கோடை. வெயில் காலத்தில் மலைக்குப் போகணும்னு நமக்குத் தோணுது இல்லையா, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

நம்ம பூந்தமல்லியிலேயே ஆரம்பிக்கலாம். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே ஒரு ராணுவ முகாம் இருந்தது. நோயில் விழுந்த ஐரோப்பியச் சிப்பாய்களை உடம்பு தேறும்வரை தங்கவைக்கும் இடமாகவும் அது இருந்தது. சென்னை வெயிலும் காய்ச்சலும் பேதியும் அவர்களை வாட்டி எடுத்த காலம். "குளிர்ச்சியான உயரமான இடம் கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம்" என்பது அவர்களுக்கு ஒரு வைத்திய யோசனையாகவே இருந்தது. 1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில வருடங்களில் ஊட்டி ஓர் ஓய்வு ஊராக வளர்ந்தது. பிறகு கோடை வந்தால் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகும் அளவுக்கு அது வளர்ந்தது.

பழனி மலையிலும் இதே கதைதான். மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷன்காரர்கள் நோயில் பலரைப் பறிகொடுத்த பிறகு, 1845ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது காட் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து, வெள்ளகவி வழியாக ஏறணும். துரைமார்கள் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். டோலியைத் தூக்கினவர்கள் நடந்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். கோடைக்கு மலை ஏறுவது என்ற பழக்கத்தை ஆரம்பித்தவர்கள் ஏறினது வேறொருத்தர் தோளில். வழி எது, தண்ணி எங்கே, எந்த மாசம் எந்தச் சரிவு ஆகாது என்பதெல்லாம் தூக்கினவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாம் இன்றைக்கு நம்ம காலில் நடக்கிறோம், அது நல்ல விஷயம். ஆனால் தூக்கினவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியணும்னு நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

கூலிக்குப் போட்ட பாதை

இப்போ குரங்கணிக்கு வருவோம். தேனி மாவட்டம், போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேலே தெரிகிற விளிம்பில் டாப் ஸ்டேஷன். அந்தப் பக்கம் மூணாறு.

இந்தச் சரிவுகளில் வாழ்கிற பழங்குடிகள் முதுவர்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலை ஏறி வந்தவர்கள், அதனால்தான் முதுவர்கள் என்று பெயர் வந்தது என அவர்களிடையே ஒரு கதை வழக்கில் இருக்கு. குரங்கணிக்குப் பக்கத்திலேயே முதுவாக்குடி என்று ஓர் ஊர் உண்டு.

1877ல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். கொயினா, காப்பி என்று எதையெதையோ போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் வந்து நின்றார்கள். 1897ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. மேலே தேயிலை விளையுது. அதைக் கீழே கொண்டு வரணுமே?

அதற்குச் செய்த ஏற்பாடு சுவாரசியமானது. 1902ல் மூணாறிலிருந்து மலை விளிம்பு வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பெட்டியின் பாரம் பெரும்பாலும் தண்டவாளத்தில் ஓடும் சின்னச் சக்கரத்தில் நிற்கும். சாயாமல் இருக்கப் பக்கத்தில் ரோட்டில் உருளும் ஒரு பெரிய சக்கரம். இழுக்கிறது மாடு. 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலச் சின்ன ரயில் பாதை போட்டார்கள். அந்த ரயில் வந்து முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். அந்த இடத்துக்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். பிறகு வண்டியில் போடிக்கு. நடுவில் இருக்கிற ஊருக்கு இன்றைக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே பெயர். ரயிலே போகாத மலைச்சரிவில் அப்படி ஒரு பெயர் ஏன் வந்தது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் பதில். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன.

பெட்டி ரோப்வேயில் இறங்கியது. ஆட்கள் நடந்தார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்கள் இந்த மாதிரிச் சரிவுப் பாதைகளில் ஏறித்தான் எஸ்டேட்டுகளுக்குப் போனார்கள். சட்டி, பானை, குழந்தை, எல்லாத்தையும் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு. இன்றைக்கு நாம் 'ட்ரெக்கிங் ரூட்' என்று சொல்கிற பாதை அவர்கள் வேலைக்குப் போன பாதை. அவர்கள் யாரும் ரவுண்டு அடிக்கவில்லை. ஏறின வழியில்தான் இறங்கினார்கள், அதுவும் தேவை இருந்தால் மட்டும். வழி தெரிந்த ஆள் முன்னால் போவார்.

சுற்றி வருவது

அப்போ ரவுண்டு எங்கிருந்து வந்தது?

சுற்றி வருவது நமக்குப் புதுசு இல்லைதான். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நம்ம பக்கத்திலிருந்து பௌர்ணமிக்கு எத்தனை பேர் போறாங்க! ஆனால் கிரிவலம் மலையைச் சுற்றி, அடிவாரத்தில், தரையில் நடப்பது. முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள். எட்டு வைத்தால் ஒரு லிங்கம், ஒரு மோர்ப்பந்தல், ஒரு டீக்கடை. முடியலைன்னா ஆட்டோ பிடிச்சு ரூமுக்கு வந்துடலாம்.

உயர்ந்த மலையில் ரவுண்டு என்பது வேறு. ஒரு சரிவில் ஏறி, முகட்டைத் தாண்டி, வேறொரு சரிவில் இறங்கணும். ஏறின வழியை நீங்க கண்ணால் பார்த்திருப்பீங்க: எங்கே தண்ணி, எங்கே நிழல், எங்கே வழுக்கும் என்று. இறங்கப் போகிற வழியைப் பார்த்தே இருக்க மாட்டீங்க. அதுவும் அந்தப் பார்க்காத வழியில் நடப்பது நாளின் பிற்பகுதியில், கால் ஓய்ந்த பிறகு. ரவுண்டில் பாதி தாண்டிட்டா, திரும்பிப் போகிற தூரமும் மிச்சம் இருக்கிற தூரமும் ஒன்றாயிடும். அதற்கு அப்புறம் பிரச்சினை வந்தால் எந்தப் பக்கம் போனாலும் தூரம்தான்.

ரவுண்டு போகவே கூடாதுன்னு நான் சொல்லவில்லை. போன வழியில் திரும்பினால் அலுப்பா இருக்கும்னு நினைக்கிற மனசு எனக்கும் உண்டு. அந்த அலுப்பைத் தவிர்க்க நாம் என்ன கூடுதல் பொறுப்பை ஏத்துக்கிறோம்னு தெரிஞ்சு போகணும், அவ்வளவுதான்.

2018 மார்ச் 11

இப்போ சொல்லப் போகிறது நிறையப் பேருக்கு நினைவிருக்கும். அதிலும் சென்னையில் இருக்கிறவர்களுக்கு.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினத்தை ஒட்டிய வார இறுதி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. இரண்டும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். சென்னைக் குழு சனிக்கிழமை குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தது. கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிற தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் ஜீப் ரோடு கேரளாவில் சூரியநெல்லி பக்கமிருந்துதான் வருது. இந்தப் பக்கம் குரங்கணிக்கு இறங்கணும்னா நடந்துதான் இறங்கணும். அனுமதி இருந்த பாதை குரங்கணி–டாப் ஸ்டேஷன்தான், கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று பிறகு வனத்துறை சொன்னது.

இறங்குகிற வழி புல்வெளிச் சரிவு. மழை நின்று மாதங்கள் ஆகி, ஆளுயரப் புல் காய்ந்து நின்ற மார்ச் மாதம். பிற்பகலில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. புகையில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிதறினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் சுற்றுவட்டாரத்துக் கிராமத்து ஜனங்களும் இருந்தார்கள். போர்வையில் கட்டி, தோளில் தூக்கி, இருட்டில் இறக்கினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மறுநாளே 9 பேர் இறந்த செய்தி வந்துவிட்டது. அடுத்த நாட்களில் மருத்துவமனைகளில் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் இறந்தவர்கள் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

இந்த எபிசோடுக்காக அந்த நாட்களின் செய்திகளை மறுபடி படித்தேன். இறந்தவர்கள் நம்ம மாதிரி ஆட்கள்தான். வார நாளில் ஆபீஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், திங்கட்கிழமை காலையில் மறுபடி வேலை. கவனமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஷூ வாங்கியிருப்பாங்க, தண்ணி எடுத்திருப்பாங்க, வீட்டில் சொல்லிட்டுத்தான் வந்திருப்பாங்க. அந்தச் சரிவு அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பது மட்டும் ஷூவிலும் தண்ணியிலும் சேராத விஷயம்.

தீ ஏன் மலை ஏறுகிறது

கொஞ்சம் இதைப் புரிஞ்சுக்கலாம். சமதரையில் தீ பரவும்போது ஜுவாலை நேராக மேலே போகும். சரிவில் அப்படி இல்லை. மேலே இருக்கிற புல் ஜுவாலைக்குப் பக்கத்திலேயே இருக்கு. தீ வந்து தொடுவதற்கு முன்னாலேயே அது சூடாகி, இன்னும் காய்ந்து, பற்றத் தயாராக நிற்கும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 30 டிகிரி சரிவில் எட்டு மடங்கு. மனுஷனுக்கு நேர்மாறு: சரிவு கூடக்கூட வேகம் குறையும். அதோடு பகல் வெயிலில் மலைச்சரிவு சூடாகும்போது காற்று கீழிருந்து மேலே வீசும். அதனால் பிற்பகல்தான் மோசமான நேரம்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்று ஓர் இடம். 1949 ஆகஸ்ட் 5. காட்டுத்தீ அணைக்கவே பயிற்சி எடுத்த 15 பேர் விமானத்திலிருந்து குதித்து இறங்குகிறார்கள். கீழே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், ஆக 16 பேர். தீ கீழேயிருந்து காய்ந்த புல்சரிவில் ஏறி வருது. எல்லோரும் முகட்டை நோக்கி மேலே ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். இவர்கள் இளைஞர்கள், இதுவே தொழில். குழுத் தலைவர் வாக் டாட்ஜ் ஓடாமல் நின்று, தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்தார். பிழைத்தார். அவர் கூப்பிட்டது மற்றவர்களுக்குப் புரியவில்லை. தாண்டி ஓடிவிட்டார்கள். அவர் செய்ததை நாம் செய்யணும்னு இதைச் சொல்லவில்லை, செய்யவும் கூடாது. தீயணைப்பு வீரர்களாலேயே புல்சரிவில் தீயை முந்த முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அதனால் இதற்கான தீர்வு மலையில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தேதி குறிக்கும்போதுதான் இருக்கு.

'மிதமான' என்ற சொல்

குரங்கணிக்குப் பிறகு என்ன நடந்தது? 2018லேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டு வந்தது. பிறகு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் வந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு. உள்ளூர் ஆட்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழிகாட்டியாகக் கூட வருவாங்க. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தரம்: எளிது, மிதமானது, கடினம். நம்ம ஆவடி நண்பர் கேட்ட அதே சொல்!

பட்டியலில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் இருக்கு. அந்த மலையை மூடிவைத்துவிடாமல், வழி தெரிந்த ஆள் முன்னால் போகிற முறையில் திறந்தது நல்லது என்றுதான் எனக்குப் படுது. எஸ்டேட்டுக்கு ஏறினவர்களும் அப்படித்தானே போனாங்க.

ஆனால் 'மிதமானது' என்பது தூரத்தையும் ஏற்றத்தையும் பற்றிச் சொல்கிற சொல். நம்ம உடம்புக்குப் போட்ட மார்க் அது. காய்ந்த புல்லைப் பற்றியோ மே மாத இடிமழையைப் பற்றியோ அந்தச் சொல் எதுவும் சொல்லாது. ஒரே பாதை டிசம்பரில் மிதமானது, மார்ச்சில் போகவே கூடாதது. அதனால்தான் 2025ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீ அபாயக் காலம் என்று வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைத்தது. இதைக் கேட்டுச் சலித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். "சம்மர் வந்தாலே மூடிடறாங்க" என்று. 2018ல் நடந்தது மார்ச் 11. அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில் வருகிற தேதி.

ஆவடி நண்பருக்கு

சரி, இப்போ நண்பருக்குப் பதில் சொல்லணும். பத்துப் பேர், கோடை, மிதமான, ரவுண்டு.

தேதி முதலில். தீக்காலத் தடை நீங்கி, ஒன்றிரண்டு நல்ல கோடை மழை பெய்து, புல் பச்சை பிடித்த பிறகு போங்க. ஏப்ரல் கடைசி, மே. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துடும். நம்ம ஊரில் கத்திரி வெயில் கொளுத்துகிற அதே நாட்களில் மலையில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும். முகட்டில், புல்வெளியில், இடி நேரத்தில் நிற்கக் கூடாது. ஓடைகளும் திடீரென்று பெருகும். அதனால் மேல்பகுதியை மதியத்துக்குள் முடிக்கிற மாதிரி கணக்குப் போடுங்க.

கணக்கு என்றால் எப்படி? ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் ஒரு எளிய கணக்கு சொன்னார். இன்றைக்கும் மலை நடப்பவர்கள் அதை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், நடைக்கு 2 மணி 24 நிமிஷம், ஏற்றத்துக்கு 2 மணி. மொத்தம் ஏறக்குறைய நாலரை மணி. இது நிற்காமல் நடக்கிற, பழகின காலுக்கு. ஷிஃப்ட் முடிச்சு, ராத்திரி தூங்காமல் வந்து இறங்குகிற பத்துப் பேருக்கு இதில் பாதியைக் கூடச் சேருங்க. ஏழு மணி நேரம் ஆயிடும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலே மதியம் ஒரு மணி. எட்டு மணிக்குக் கிளம்பினால் மூணு மணி. மழையும் வரும், பார்க்காத இறக்கமும் மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே, வந்து இறங்கின அன்றைக்கே மலை ஏறக் கூடாது என்று புரிஞ்சுடும். முதல் நாள் போடியில் தங்கித் தூங்குங்க.

போவது இப்போ சுலபம். 1928ல் திறந்த மதுரை–போடி ரயில் பாதை, அகலப்பாதையாக மாற்ற 2010 கடைசியில் மூடப்பட்டது. 2023 ஜூனில் மறுபடி போடி வரை ரயில் வந்தது. சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள், ராத்திரி வண்டி. காட்பாடி வழியாகப் போவதால் நம்ம அம்பத்தூர், ஆவடியைத் தாண்டித்தான் போகும், ஆனால் நிற்காது. எங்கே நிற்கும்னு பார்த்து ஏறிக்கோங்க. பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கம் போகணும். ஆவடியிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடிச்சு வண்டலூர் போனால் நகரத்துக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்போ ரவுண்டு. கைப்பேசி வரைபடத்தில் இரண்டு பாதைக் கோடுகளை நீங்களே ஒட்டவைத்து ஒரு ரவுண்டு செய்யாதீங்க. கோடு இருக்கிறதனால் பாதை இருக்குன்னு அர்த்தம் இல்லை. பாதை இருப்பதால் அனுமதி இருக்குன்னும் அர்த்தம் இல்லை. அந்த முகட்டைத் தாண்டினால் கேரளா, அங்கே வனத்துறை வேறு. அனுமதித்த பாதை போய்த் திரும்புகிற மாதிரி இருந்தால், போய்த் திரும்புங்க. சுற்றி வர ஆசை என்றால், வனத்துறைப் பட்டியலில் சுற்றி வருகிற மாதிரி அமைந்த பாதை இருக்கான்னு பாருங்க.

வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்க. போன வாரம் மேலே மழை பெய்ததா? பாதி வழியில் இறங்கணும்னா எங்கே இறங்கலாம்? எத்தனை மணிக்கு மேல் முன்னே போகக் கூடாது? அவர் சொல்கிற நேரத்தைப் பத்துப் பேரும் மனசில் வச்சுக்கணும். அந்த நேரம் வந்தால் முகடு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் திரும்பணும். இதை மேலே போய்ப் பேச முடியாது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார், பத்துப் பேரும் தலையாட்டுவாங்க. கீழே, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு பண்ணிடுங்க.

கடைசியாக ஒன்று. பத்துப் பேரும் இதுவரை சேர்ந்து நடந்ததில்லைன்னு எழுதியிருந்தார். அப்போ முதல் நடை குரங்கணி வேண்டாம். நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டிக்கு அந்தப் பக்கம் குடியம் குகைகள் இருக்கு. ட்ரெக் தமிழ்நாடு பட்டியலில் இருக்கிற பாதைதான். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த பிறகு தேடிப் போனது அந்தப் பக்கங்கள்தான். அதிரம்பாக்கம் அங்கே பக்கத்தில்தான். பெரிய ஏற்றம் கிடையாது. குளிர்ந்த மாதத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்க. யார் வேகமா போறாங்க, யாருக்கு முட்டி வலிக்குது, யார் தண்ணி எடுத்து வர மறக்கிறாங்க, எல்லாம் அன்றைக்கே தெரிஞ்சுடும். யாருடைய வேகம் குறைவோ அதுதான் உங்க குழுவின் வேகம். மேலே சொன்ன ஏழு மணி நேரக் கணக்கை அவரை வச்சுத்தான் போடணும்.

குரங்கணிக்குப் போனால் சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறது நல்லா இருக்கும். பெட்டியும் ரயிலும் போயிடுச்சு, அந்தச் சரிவில் ஏறி இறங்கினவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்காங்க. மார்ச் மாதத்தில் அந்தப் புல்சரிவு எப்படி இருக்கும்னு அவங்களைக் கேட்டால் சொல்வாங்க. நீங்க போகப் போவது மே மாதம்தான், இருந்தாலும் கேளுங்க.

போய்ட்டு வந்து எழுதுங்க நண்பரே. பத்துப் பேரும் சேர்ந்து எழுதினா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.